தறி நிற்கும் நாளின் மாத்திரை

அமாவாசை அன்று ஆரணியில் பட்டு நெய்கிற தெருக்களில் தறி ஓடாது. மற்ற நாட்களில் விடிந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அன்றைக்கு இருக்காது. நாம் நடக்கிற செருப்புச் சத்தம் நமக்கே தனியாகக் கேட்கும். தறிக்கு லீவு என்றால் மாத்திரைக்கும் லீவு என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அது எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆனது. அந்த வழக்கத்தைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்று தெரிந்த அன்று, ஒரு அக்காவுக்கு வலது கை போயிருந்தது.

நான் நர்ஸ் இல்லை. எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுவதால் அப்படியே விட்டுவிட்டேன். வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து, இருப்பவர்களுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற அரசாங்கத் திட்டத்தில் தன்னார்வலர். மகளிர் குழுவிலிருந்து எங்களை எடுத்தார்கள். சில நாள் பயிற்சி, தோளில் ஒரு பை, போனில் ஒரு ஆப். பைக்குள் பிரஷர் மிஷின், சுகர் மிஷின், விரல் குத்துகிற ஊசி, மாத்திரை அட்டைகள். ஆரம்பத்தில் அந்தப் பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் கூட இருந்தது.

இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் என் அம்மா. களம்பூரில் ஒரு நெல் மில்லில், அவித்த நெல்லைக் களத்தில் காலால் தள்ளித் தள்ளிக் காய வைக்கிற வேலை அவளுக்கு. ஒரு நாள் களத்திலேயே சாய்ந்துவிட்டாள். வெயில் என்று நினைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், மோர் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “பிரஷர் மாத்திரைய எத்தன நாளா நிறுத்தி இருக்காங்க?” என்பதுதான். நிறுத்துவதற்கு முதலில் ஆரம்பித்திருக்க வேண்டுமே. அம்மாவின் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையை அதுவரை யாருமே கட்டியதில்லை. ஒரு பக்கம் விழுந்து ஆறு வருடம் கிடந்து போனாள். அதனால், வீட்டுக்கே போய் அளக்கப் போகிறார்கள், ஆள் வேண்டும் என்று குழுவில் சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை.

அதற்கு முன்னால் மாத்திரை வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து ஜன்னலில் ஒரு வரிசை. அரை நாள் போய்விடும். அரை நாள் தறியை விட்டுவிட்டு வர யாருக்கு மனசு வரும்? தலை சுற்றி விழுந்தால்தான் வருவார்கள். ஜன்னலில் இருந்த மாத்திரையை எடுத்து வீட்டு வாசலில் வைத்ததுதான் இந்தத் திட்டம் செய்த பெரிய காரியம். அதை இன்றைக்கும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. திட்டம் போட்டவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள். என் அம்மா பட்டு நெய்கிற அந்தத் தெருவுக்கு ஏதாவது வேலையாகப் போயிருந்தால் வாசலுக்கு வெளியே நின்றிருப்பாள். நான் உள்ளே போய், பாயில் உட்கார்ந்து, அவர்கள் கையைப் பிடித்துப் பட்டை கட்டினேன். முதல் மாதம் இரண்டு வீட்டில் கையை நீட்டவே கூச்சப்பட்டார்கள். மூன்றாவது மாதம் காபி கொடுத்தார்கள். எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. காபியைக் குடித்தேன்.

அந்தத் தெருவின் மூலைவீட்டில்தான் நான் சொன்ன அக்கா இருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் ஆளுக்கொரு குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, கீழே மிதியை மிதித்து மிதித்து நெய்கிற தறி. நான் முதல் தடவை போனபோது அவள் தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“இன்னா சிஸ்டர், எனக்கு ஒன்னும் இல்ல. பேஜார் பண்ணாம போம்மா.”

ஓடுகிற தறியில் இருந்து இடது கையைப் பிடுங்கித்தான் பட்டையைக் கட்டினேன். மிஷின் காட்டிய எண்ணைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டி மாத்திரை எழுதி வாங்கி வருவதற்குள் நான் பட்ட பாடு தனிக்கதை. மாத்திரை கைக்கு வந்த பிறகும் அக்கா அதைத் தொடவில்லை.

“ஒரு தபா ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் போட்டுகினே இருக்கணுமாமே. நான் மாட்டேன்.”

ஆயுசுக்கு நல்லது என்றேன். பக்கவாதம் வரும் என்று பயமுறுத்தினேன். என் அம்மா கதையைச் சொன்னேன். அக்கா இழை கோத்துக்கொண்டே கேட்டாள், அவ்வளவுதான். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனவள், வாசலில் திரும்பி ஒரு வார்த்தை சொன்னேன்.

“மத்தியானத்துக்கு மேல தறில உக்காந்தா தல சுத்துதுன்னீங்க இல்லக்கா? இத போட்டுகினு உக்காந்து பாருங்க. சுத்தாது. இது தறிக்குத்தான்.”

அக்காவின் கை நின்றது. “தறிக்குன்னா குடு” என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் அந்தத் தெருவையே எனக்குத் திறந்துவிட்டது. உடம்பு என்றால் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள், தறி என்றதும் கேட்டார்கள். வீடு வீடாக அதையே சொன்னேன். ஒரு வருடத்தில் என் பகுதி முழுக்க ஆப்பில் பச்சையாக மாறியது. அளவு கட்டுக்குள் இருந்தால் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, ஏறியிருந்தால் சிவப்பு. மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் டாக்டர் மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். “எப்படிப் பண்ண, சொல்லும்மா” என்றார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு திருவண்ணாமலையில் நடந்த ஒரு பயிற்சியிலும் அதையே சொல்லச் சொன்னார்கள். தெள்ளார் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். “எங்க ஊருல தறி இல்ல. கழனில நிக்க தெம்புன்னு சொல்லிக்கறேன்” என்றாள். பேஷாகச் சொல்லு என்றேன். அப்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் எப்போது அந்தத் தெருவுக்குப் போவேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேயும் இருந்தது. தறி ஓடுகிற நாளில்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். அமாவாசை என்றால் கோயிலுக்குப் போய்விடுவார்கள், படவேடு வரைக்கும் கூடப் போவார்கள். பாவு முடிந்துவிட்டால், அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றிய இழை தீர்ந்துவிட்டால், அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா நிற்கும். அந்த நாட்களில் உறவுக்காரர் வீடு, கல்யாணம் என்று கிளம்பிவிடுவார்கள். பூட்டிய கதவை எத்தனை தடவை பார்ப்பது? தெருமுனையில் நின்று காதைத் தீட்டிக் கேட்பேன். தறிச் சத்தம் வந்தால் உள்ளே போவேன், வராவிட்டால் அடுத்த தெரு. அதை நான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. குழித்தறிக்கு மழைதான் எதிரி. தரைக்குக் கீழே ஊற்று எடுத்து, குழியில் தண்ணீர் நின்றுவிடும். மிதியும் நனையும், பட்டும் நமத்துப்போகும். தெருவில் ஒரு தறி கூட ஓடவில்லை. நான் ஒரு தடவை குடையோடு போய், எல்லா வீட்டிலும் மாத்திரையை மட்டும் நீட்டிவிட்டு ஓடிவந்தேன். பட்டையை எடுத்துக் கட்டவில்லை. நாள் போனது, மழை நிற்கவில்லை.

ஒரு காலையில் மூலைவீட்டு அண்ணன் போன் செய்தார். அக்கா குழிக்குள் இறங்கித் தண்ணீரை மக்கால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். மக்கு கையை விட்டு நழுவியது. எடுத்துக் கொடுத்தார். மறுபடி நழுவியது. “இன்னாடி கை வழுக்குதா” என்று அவர் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை. வாய் ஒரு பக்கம் போயிருந்தது.

நான் போய்ச் சேர்வதற்கும் ஆம்புலன்ஸ் வருவதற்கும் சரியாக இருந்தது. பட்டையைக் கட்டினேன். நான் முதல் முதலில் பார்த்துப் பயந்த எண்ணை விட அதிகம். வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். போகிற அவசரத்தில், டாக்டர் கேட்பாரே என்று, அக்கா போடுகிற மாத்திரையை எடுத்துவரச் சொன்னேன். அண்ணன் தறிப் பக்கம் போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். ஜரிகை வைக்கிற டின். திறந்தால், மேலே நாலைந்து ஜரிகைக் கட்டை, அதற்குக் கீழே அத்தனையும் மாத்திரை அட்டை. பிரிக்காதது, பாதி பிரித்தது, போன மாதத்தது, அதற்கு முந்தினது.

“இன்னாண்ணா இது? போடவே இல்லியா?”

“போட்டாளே. தறி ஓட்ற நாளெல்லாம் ஒரு வேள கூட தப்பாம போட்டா. தறி நிக்கும்போது எதுக்கு வீணாக்கறதுன்னு எடுத்து வச்சிடுவா. இந்த மழைலதான் மூனு வாரமா தறி இல்லியே.” பிறகு என் முகத்தைப் பார்த்து, என்னவோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து, மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். “நீங்கதானம்மா சொன்னீங்க, தறிக்குன்னு?”

குத்தம் சொல்லவில்லை அவர். நான் சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்தோம் என்பதைத்தான் சொன்னார். ஒரு அட்டையை மட்டும் அண்ணனிடம் கொடுத்து ஏற்றிவிட்டு, ஆம்புலன்ஸ் கிளம்பிப் போன பிறகும் அந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தையைக் கேட்டு, அதை நம்பி, அதன்படியே நடந்த மனுஷிக்கு இந்தக் கதி. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. மழை தெரு முழுக்கப் பெய்கிறது. எல்லாக் குழியிலும் தண்ணீர். எல்லோரிடமும் நான் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறேன்.

குடையை எங்கே வைத்தேன் என்று கூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் தொடங்கினேன். “மாத்திர போட்டியா?” “தறி நின்னுபோச்சே சிஸ்டர்.” அடுத்த வீடு. அதே பதில். ஒரு வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நல்ல பிள்ளைகள் மாதிரி. சிலர் சுகர் மாத்திரையையும் சேர்த்தே நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, என் கண் முன்னால் போட வைத்தேன். பட்டை கட்டிப் பார்த்து, அளவு ரொம்ப ஏறியிருந்த நான்கு பேரை அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தெள்ளார் பெண்ணுக்குப் போன் போட்டேன். “அக்கா, எங்க ஊருல நடவு முடிஞ்சி எல்லாரும் சும்மாதான் இருக்காங்க” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. “நான் போறேன்கா” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் என் பகுதி அப்போதும் முதலிடத்தில்தான் இருந்தது. மழை மாதத்தில் அளவு பார்க்காததாலும், பார்த்த அன்றைக்கு ஆப்பில் ஏற்ற மறந்ததாலும் பழைய பச்சையே நின்றது. நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் என் புடவையை இழுத்து, “பச்சையா இருக்கறத நீயே ஏன்டி செவப்பாக்கற” என்று முணுமுணுத்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சிவப்பு வந்தால் மேலே இருந்து போன் வரும், டாக்டர் மேடத்துக்கும் வரும்.

 மேடம் பேனாவை மூடி மூடித் திறந்தார். “மாத்திரை குடுத்தாச்சான்னு கேக்க ஆப்புல இடம் இருக்கு. முழுங்கினாங்களான்னு கேக்க இடம் இல்ல. அத நான் மாத்த முடியாது, சென்னைலதான் மாத்தணும். எழுதறேன்” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “வர்ற அமாவாசைக்குப் போய் அளந்து பாரும்மா. வர்ற நம்பர அப்படியே போடு” என்றார்.

போட்டேன். மாத்திரைக்கு லீவு இல்லை என்று நான் மழையில் கத்திவிட்டு வந்த தெருதான். ஆனால் மூன்று வருடமாக நான் ஊற வைத்தது ஒரு நாள் கத்தலில் போய்விடுமா? அன்றைக்குப் பாதித் தெரு சிவப்பு. என் பகுதி முதலிடத்திலிருந்து கீழே எங்கேயோ போனது. ஆனால் அந்த மாதம்தான் நான் உண்மையாக வேலை பார்த்தேன் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு பெரிய ஏற்பாடு. கோட்டையில் யாரோ யோசித்து, எங்கேயோ மருந்து வாங்கி, லாரியில் ஏற்றி, ஆரணிக்குக் கொண்டுவந்து, என் பையில் போட்டு, அக்காவின் உள்ளங்கை வரைக்கும் வந்துவிட்டது. உள்ளங்கைக்கும் வாய்க்கும் நடுவில் இருந்தது என் வாக்கியம் ஒன்றுதான்.

அக்கா வேலூரிலிருந்து வீட்டுக்கு வந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கை மடியில் கிடந்தது. காலை இழுத்து இழுத்து நடக்கலாம். பேச்சு குழறியது, ஆனால் நின்று கேட்டால் புரியும். நான் போனபோது மழை விட்டிருந்தது, அண்ணனின் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தறியில் பாதி நெய்த சேலை அப்படியே துணி போட்டு மூடியிருந்தது. மாத்திரையை எடுத்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

“எனக்குத்தான்... இனிமே தறி இல்லியே. இது எதுக்கு?”

மூன்று வருடம் வாய் ஓயாமல் பேசியவள் நான். நீட்டிய மாத்திரையைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன். அண்ணனின் தறி நின்றது. அவரும் கேட்டிருக்க வேண்டும். நான் அழுதேன். வெட்கமே இல்லாமல், பையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

“தப்பா சொல்லிட்டேன்கா. எங்கம்மாவுக்கு அளக்கறதுக்கு ஆளே வரல, போய்ட்டா. உனக்கு மாசாமாசம் நான் வந்தேன். வந்தும் இப்படி ஆகிப்போச்சு. இது தறிக்கு இல்ல. எப்பவுமே தறிக்கு இல்ல. உனக்குத்தான்.”

அதுவரை அவளை ‘நீங்க’ என்றுதான் சொல்லி வந்தேன். அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொதல்லியே... சொல்லி இருக்கலாம்ல.”

சொன்னேனே அக்கா, நீதான் கேட்கவில்லை என்று வாய் வரை வந்தது. உண்மைதான் அது. உண்மையைச் சொன்னபோது அவள் ஒரு மாத்திரை கூடப் போடவில்லை. நான் சுற்றி வளைத்துச் சொன்ன வார்த்தை அவளுக்கு மூன்று வருடத்தைக் கொடுத்தது, கடைசியில் கையை வாங்கிக்கொண்டது. எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? மாத்திரையைப் பிரித்து, அவள் இடது உள்ளங்கையில் வைத்தேன். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

ஒரு கையால் மாத்திரை அட்டையைப் பிரிக்க முடியாது என்பது அதற்கப்புறம்தான் எனக்குப் புரிந்தது. பயிற்சியில் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை. பிரித்து ஒரு டப்பாவில் போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம், பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினாள்.

அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்தத் தெருவுக்குப் போகிறேன். போன தடவை போனபோது அண்ணன் படவேட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். கதவு திறந்திருந்தது. அக்கா தன் தறிக் குழியின் ஓரத்தில், பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சேலை சுருட்டிக்கொள்கிற உருளை மரத்தின் விளிம்பில் அட்டையைச் சாய்த்து வைத்து, இடது கட்டைவிரலால் அழுத்தினாள். முதல் தடவை வழுக்கியது. உதவப் போனவளை முறைத்தாள். மறுபடி அழுத்தினாள். டக்கென்று மாத்திரை மடியில் விழுந்தது. பொறுக்கிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

நான் பையைக் கீழே வைத்துப் பட்டையை எடுத்தேன். அக்கா இடது கையால் வாசலைக் காட்டினாள்.

“நான்... போட்டுட்டேன். என்ன அப்பறம் பாரு. பக்கத்து வூட்டுக்காரி... இன்னிக்கு லீவுன்னு நெனச்சிகினு இருப்பா. ஜல்தி போ.”